பூலாம்பட்டிப் படகின் இறுகிய கியரும் மேட்டூர்ப் பட்டறையும்: ஒரு மதிப்பீடு

மேட்டூரிலிருந்து கொளத்தூர் செல்லும் சாலையில், பெயர்ப்பலகை ஏதும் இல்லாமல் நடந்துவரும் ஒரு படகு எஞ்சின் பட்டறையைப் பற்றிய மதிப்பீடு இது. நாங்கள் அங்கே ஒப்படைத்த வேலைகள் இரண்டு. எங்கள் படகின் இறுகிப்போன கியரைச் சரிசெய்வது ஒன்று. கியரையும் வேகத்தையும் இயக்கும் கைப்பிடி உள்ள பழைய கன்ட்ரோல் பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய பெட்டியும் கேபிள்களும் பொருத்துவது மற்றொன்று. முதல் வேலையை அவர்கள் செய்த விதத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டாவதில் எனக்கு மனக்குறைகள் உண்டு. ஆனால் அவை மீண்டும் அங்கே போகாமல் இருக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல.

எங்களுடையது 18 அடி நீளமுள்ள ஃபைபர் படகு. பின்புறத்தில் 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், ஓட்டுநரின் வலப்புறச் சுவரில் ஒற்றைக் கைப்பிடி கொண்ட கன்ட்ரோல் பெட்டி, முன்னால் ஸ்டீயரிங் சக்கரம். படகு பெரும்பாலும் ஓடுவது பூலாம்பட்டியில். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையால் தேங்கி நிற்கும் காவிரி அங்கே அகன்று கிடக்கிறது. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை ஈரோடு மாவட்டம். கடக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால், ஓட்டுநர் முழு வேகத்தில் ஓட்டும் நேரத்தைவிடக் கரையிலிருந்து விலகுவதற்கும் கரையை அணைவதற்கும் செலவிடும் நேரமே அதிகம். கடலில் போகும் படகு ஒரு முறை கியர் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஓடும்; ஆற்றைக் கடக்கும் படகுக்கோ ஒவ்வொரு நடைக்கும் பின்னோக்கி, நியூட்ரல், முன்னோக்கி, மறுபடியும் நியூட்ரல், மறுபடியும் பின்னோக்கி என்று கை ஓயாது. மேட்டூர் அணையிலிருந்து திறக்கப்படும் நீர் கூடி ஆற்றில் இழுப்பு வந்துவிட்ட நாட்களில், ரிவர்ஸ் கியர் ஒரு நொடி தாமதமாக விழுந்தாலும் படகின் மூக்கு படித்துறையில் மோதிவிடும். ஆகவே எங்களுக்குக் கியர் இறுக்கம் என்பது வசதிக் குறைவு பற்றிய புகார் அல்ல, பயணிகளின் பாதுகாப்பு பற்றிய புகார்.

இறுக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசியில் எங்கள் ஓட்டுநர் கைப்பிடியை இரண்டு கைகளாலும் தள்ள வேண்டிய நிலைக்கு வந்தது. கையை இப்படி அழுத்தி மெதுவாகத் தள்ளும்போது கீழே பல்லோடு பல் உரசும் ஓசை கேட்டது. வேறொரு இடத்தில் காட்டியபோது, படகில் கால்கூட வைக்காமல், எஞ்சினின் கீழ்ப்பகுதியில் உள்ள கியர்கள் போய்விட்டன என்றும், கன்ட்ரோல் பெட்டியோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகைக்குப் பழைய எஞ்சின் ஒன்றே வாங்கிவிடலாம். அதன்பின்தான் மேட்டூர்ப் பட்டறைக்குப் போனோம்.

அங்கே இருந்த மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "எஞ்சின் ஓடாதப்பவும் இறுக்கமா இருக்குதுங்களா, இல்ல ஓடுறப்ப மட்டுமாங்க?" என்றார். எங்கள் ஓட்டுநர், "ரெண்டுலயும் தான் அண்ணே, ஆனா ஓடுறப்ப கியர்ல இருந்து எடுக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றார். "அப்படின்னா ரெண்டு வியாதி இருக்குதுங்க. பொட்டி மாத்தறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போனார்.

அவர் செய்த சோதனையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் இந்தப் பட்டறையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது, மேலும் இதே தொல்லை உள்ளவர்கள் காசு கொடுப்பதற்கு முன் தாங்களே பார்த்துக்கொள்ளவும் முடியும். ஒற்றைக் கைப்பிடிப் பெட்டியில் ஒரே கைப்பிடி இரண்டு கேபிள்களை ஆள்கிறது. நியூட்ரலிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி வரை தள்ளும்போது கியர் கேபிள் மட்டும் நகர்கிறது; அந்த இடத்தில் கைக்கு ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போலத் தட்டுப்படும். அதற்கு மேல் தள்ளினால் கியர் கேபிள் நின்றுவிடும், ஆக்சிலரேட்டர் கேபிள் நகரத் தொடங்கும். ஆகவே இறுக்கம் அந்தத் தட்டுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைக் கையாலேயே பிரித்தறியலாம். எங்கள் படகில் இரண்டு இடத்திலும் இருந்தது. பின்னால் இருந்த இறுக்கத்துக்குக் காரணம் அற்பமானது: ஓட்டத்தின்போது கைப்பிடி தானாக நழுவாமல் இருப்பதற்காகப் பெட்டிக்குள் ஒரு உராய்வுத் திருகு இருக்கும்; அதை யாரோ எப்போதோ கடைசிவரை முறுக்கி வைத்திருந்தார்கள். மெக்கானிக் அதைத் தளர்த்தியதும் பாதிப் புகார் தீர்ந்தது. இதற்கு அவர் எதுவும் கேட்கவில்லை.

முன்னால் இருந்த இறுக்கம்தான் உண்மையான சிக்கல். சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் எந்த வகையிலும் கிளம்பாது என்பதை உறுதிசெய்துகொண்ட பின், எஞ்சின் முனையில் கியர் கேபிளைக் கழற்றினார். கேபிள் இல்லாத நிலையில், எஞ்சினில் உள்ள கியர் கரத்தை ஒரு கையால் நகர்த்திக்கொண்டே மறுகையால் புரொப்பெல்லரைச் சுற்றச் சொன்னார். புரொப்பெல்லரைச் சுற்றாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது என்றார். எஞ்சினின் அடிப்பகுதியில் கியர்கள் இருக்கும் கீழ்ப்பெட்டிக்குள் முன்னோக்கிக் கியரும் பின்னோக்கிக் கியரும் எப்போதும் சுழலும் பல்லோடு இணைந்தே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே புரொப்பெல்லர் தண்டின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் சென்று ஏதாவதொன்றைப் பற்றிக்கொள்வது டாக் கிளட்ச் எனப்படும் உறுப்புதான். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினில் அதன் பற்கள் எதிர்ப் பற்களின் நெற்றியில் முட்டி நின்றால், எவ்வளவு நல்ல கியர் பெட்டியும் இறுகியதுபோலத்தான் தோன்றும். சுற்றிக்கொண்டே நகர்த்தியபோது எங்கள் கியர் எந்தச் சிரமமும் இல்லாமல் விழுந்தது, எழுந்தது. கீழ்ப்பெட்டியின் வடிகால் திருகைத் திறந்து கொஞ்சம் எண்ணெயையும் பார்த்தார்; நீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை, உலோகத் துகளும் இல்லை. ஆக, மாற்றியே ஆகவேண்டும் என்று முன்னர் சொல்லப்பட்ட கியர்கள் நல்ல நிலையில்தான் இருந்தன.

பிறகு பெட்டியின் முனையிலும் கேபிளைக் கழற்றினார். கேபிள் இல்லாத பெட்டியின் கைப்பிடி இலகுவாக ஆடியது. இரு முனையும் விடுபட்ட கேபிளைக் கையால் தள்ளிப் பார்த்தால் அசைய மறுத்தது. குற்றவாளி கேபிள் என்பது இப்படித் தேர்ந்தது. இந்த வகைக் கேபிள் சைக்கிள் பிரேக் கேபிளைப் போல இழுக்க மட்டும் பயன்படுவது அல்ல. தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். உள்ளே உறுதியான கம்பி, அதைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய், அதற்கு வெளியே சுருள் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. பொதுவாக 8 அங்குல ஆரத்துக்குக் குறைவாக இதை வளைக்கக் கூடாது. எங்கள் கேபிளோ படகின் பின்சுவரை ஒட்டி அதைவிட மிகக் குறுகலாகத் திரும்பி, அசையாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டிய இடத்தில் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கி, உள்ளே துரு பிடித்திருந்தது. கேபிளின் நீளமும் போதவில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் கேபிள் விறைத்துக்கொண்டது. திருப்பத்தில் இருக்கும்போது மட்டும் கியர் கூடுதலாக இறுகியது ஏன் என்ற எங்கள் நெடுநாள் குழப்பத்துக்கு அதுவே விடை.

கேபிளுக்குள் எண்ணெயோ கிரீஸோ விட்டுச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அவர் மறுத்தார். இவை தொழிற்சாலையிலேயே மசகிட்டு மூடப்பட்டு வருபவை. மேலிருந்து விடும் எண்ணெய் துருப்பிடித்த நடுப்பகுதி வரை போய்ச் சேராது, சேர்ந்தாலும் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். முனையில் வெளியே தெரியும் தண்டுக்கும் இணைப்பு ஊசிகளுக்கும் மட்டுமே கிரீஸ் தேவை. இறுகிய கேபிளுக்கு மருந்து இல்லை, மாற்று மட்டுமே உண்டு என்பதைத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இரண்டு கேபிள்களும் ஒரே வயது என்பதால் ஆக்சிலரேட்டர் கேபிளையும் சேர்த்து மாற்றச் சொன்னார், அதை ஒப்புக்கொண்டோம்.

இரண்டாவது வியாதி ஐடில் வேகம், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம். எஞ்சின் ஓடும்போது கியரிலிருந்து நியூட்ரலுக்கு எடுப்பது மட்டும் கடினமாக இருந்தால், டாக் கிளட்ச்சின் பற்கள் எஞ்சினின் விசையால் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஐடில் உயர்ந்திருந்தால் அந்த அழுத்தமும் உயரும். கியர் போடும்போது பல் உரசுவதும் கூடும். எங்கள் எஞ்சின் எங்களிடம் வருவதற்கு முன் சில காலம் ஏற்காட்டில் ஓடியது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் மலையில் காற்றின் அடர்த்தி சேலம் சமவெளியில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கார்புரேட்டர் எஞ்சினுக்கு அங்கே பெட்ரோல் விகிதம் கூடிவிடும், ஐடில் தடுமாறும். அணைந்துவிடாமல் இருக்க ஐடில் திருகை உயர்த்தி வைப்பது வழக்கம். மலையை விட்டு இறங்கிய பிறகு அதை யாரும் மீட்டு வைக்கவில்லை. மெக்கானிக் சுழற்சிமானியை மாட்டிப் பார்த்து, எஞ்சினின் கையேட்டில் கண்ட அளவுக்குக் கலவையையும் வேகத்தையும் சரிசெய்தார். மேட்டூரில் ஓடும் எஞ்சினை ஏற்காட்டு ஏரிக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாற்றுகிறவர்கள் இதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னவற்றில் புதிய கன்ட்ரோல் பெட்டிக்கு எந்த அவசியமும் இல்லை என்பதை வாசிப்பவர் கவனித்திருப்பார். மெக்கானிக்கும் அதையே சொன்னார். கேபிள் மட்டும் மாற்றினால் போதும் என்றார். பெட்டியை மாற்ற விரும்பியது நாங்கள்தான். பழைய பெட்டியில் நியூட்ரல் பூட்டு உடைந்திருந்தது. பயணி ஒருவரின் முழங்கை பட்டாலே கியர் விழுந்துவிடும் நிலை. கியரில் இருக்கும்போது எஞ்சினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிற்றுச் சுவிட்ச் அதில் இல்லவே இல்லை. பயணிகளை ஏற்றும் படகில் இந்த மூன்றும் இல்லாமல் இருப்பது சரியல்ல என்று எங்களுக்குத் தோன்றியது.

எந்த வகைப் பெட்டி என்று தேர்ந்தெடுப்பதில் பட்டறை நல்ல ஆலோசனை தந்தது. இன்று பெரிய படகுகளில் கேபிளே இல்லாத மின்னணுக் கன்ட்ரோல்கள் வந்துவிட்டன. கைப்பிடியின் அசைவு மின்குறிப்பாக மாறி எஞ்சினுக்குப் போகிறது, கியர் விரல் நுனியால் மாறுகிறது. ஆனால் நம்முடையதுபோன்ற கார்புரேட்டர் எஞ்சினில் அதைப் பொருத்த வேண்டுமானால் கியரையும் ஆக்சிலரேட்டரையும் தள்ளித் தருவதற்குத் தனி மோட்டார் பெட்டிகள் வேண்டும்; பேட்டரி இறங்கினால் கியரும் இல்லை; நடு ஆற்றில் நின்றால் சரிசெய்ய ஆள் சேலத்திலும் கிடைக்க மாட்டார். செலவைச் சொல்லவே வேண்டாம். மேசைமேல் பொருத்தும் வகைப் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். அதற்குக் கீழே கேபிள்கள் அகலமாக வளைந்து இறங்க இடம் வேண்டும், எங்கள் படகில் அந்த இடம் இல்லை. ஆகவே பக்கச் சுவரில் பொருத்தும் ஒற்றைக் கைப்பிடிப் பெட்டியையே தேர்ந்தோம். கேபிள்களுக்குப் பொதுவகையான 33சி வகையை எடுத்தோம். பல நிறுவனங்கள் அதே அளவில் தயாரிக்கின்றன என்பதால் பிற்காலத்தில் ஒரே கடையை நம்பியிருக்க வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, சில எஞ்சின் நிறுவனங்கள் தமக்கே உரிய முனைகள் கொண்ட கேபிள்களைத்தான் ஏற்கும். வாங்குமுன் பெட்டி, எஞ்சின் என இரண்டு பக்கமும் பொருந்துமா என்று கேட்டுவிட வேண்டும். நீளத்தைப் பழைய கேபிளின் உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளாமல், கேபிள் போகும் வழியை நூல் பிடித்து அளந்து, எஞ்சின் இருபுறமும் திரும்ப வேண்டிய வளையத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். முந்தையதைவிட நீளமான கேபிள் வந்தது அதனால்தான்.

பெட்டியைப் பொருத்திய விதம் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் படகின் பக்கச் சுவர் மெல்லிய ஃபைபர். கைப்பிடியைத் தள்ளும்போதெல்லாம் சுவரே உள்ளும் வெளியும் ஆடும். சுவர் ஆடினால் கையின் அசைவில் ஒரு பகுதி கேபிளுக்குப் போகாமல் வீணாகிறது. கியர் பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எவர்சில்வர் தகடு வாங்கி வெட்டி, விளிம்பை மடித்து, சுவரின் மறுபுறம் தாங்குதகடாக வைத்துப் போல்ட் போட்டார்கள். சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் நல்ல தகடுக்குப் பஞ்சமில்லை. 304 தரத் தகடுதான் போட்டார்கள். கடலோரப் படகுக்குச் சொல்லப்படும் 316 தரம் இல்லையே என்று முதலில் தயங்கினேன். காவிரியின் நன்னீருக்கு 304 போதும், கூடுதல் காசு வீண் என்று விளக்கினார்கள், அது சரியே. போல்ட் துளைகளின் ஓரத்தைப் பசையிட்டு மூடியதால் ஃபைபருக்குள் நீர் இறங்கும் வாய்ப்பும் இல்லை.

கேபிள் முனைகளை அளவிட்டுப் பூட்டும் வேலை முறையாக நடந்தது. பெட்டியை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் கியர் கரத்தையும் நியூட்ரலின் சரியான நடுவில் வைத்து, முனையில் உள்ள இணைப்பைத் திருகித் திருகி, அதன் துளை ஊசியின்மேல் இழுக்காமலும் தள்ளாமலும் தானாக அமரும் இடம் வந்த பிறகே லாக்நட்டை இறுக்கினார்கள். இணைப்பு குறைந்தது 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திருகப்பட்டிருக்க வேண்டும் என்பது யமஹாவின் பொருத்தும் வழிகாட்டியில் உள்ள விதி. அதைவிடக் குறைந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும் அபாயம் உண்டு. இங்கே அந்த அளவை அடிக்கோல் வைத்தே காட்டினார்கள். கியர் கேபிளை முதலிலும் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிறகும் அமைத்தார்கள். வரிசை மாறினால் நியூட்ரலிலேயே வேகம் ஏறி நிற்கக்கூடும். ஸ்டீயரிங் கேபிளின் தண்டையும் போகிற போக்கில் முழுவதும் உள்ளே இழுத்து வைத்துக் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது கிரீஸ் அடித்தால் குழாய்க்குள் கிரீஸ் அடைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்லித் தந்ததற்கு நன்றி.

இனி மனக்குறைகள். வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயை எஞ்சினில் மாட்டிக் கரையிலேயே ஓட்டிக் காட்டி, எல்லாம் சரி என்று படகைக் கொடுத்துவிட்டார்கள். பூலாம்பட்டியில் இறக்கி முழுக் கைப்பிடியும் தள்ளிப் பார்த்தபோது வேகம் முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. கார்புரேட்டரின் மூடி முழுவதும் திறக்கும் முன்னரே ஆக்சிலரேட்டர் கேபிளின் ஓட்டம் முடிந்துவிட்டிருந்தது. நியூட்ரலில் முழுவதும் மூடுகிறதா என்று பார்த்தவர்கள், மறுமுனையில் முழுவதும் திறக்கிறதா என்று எஞ்சினை நிறுத்தி வைத்துக் கண்ணால் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். அழைத்ததும் மெக்கானிக்கே ஆற்றங்கரைக்கு வந்து, தாமதமின்றிச் சரிசெய்தார், பணமும் வாங்கவில்லை. இருந்தாலும், பயணிகள் படகை ஆற்றில் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைப்பது சரியான பழக்கம் அல்ல. கரையில் குழாய்த் தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்குப் புரொப்பெல்லரின் எதிர்ப்பு கிடையாது; கியர் மாற்றத்தின் உண்மைத் தன்மை அங்கே தெரியாது.

கேபிள்களும் பெட்டியும் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் சொன்ன தேதி தள்ளிப்போனது. அது அவர்கள் கையில் இல்லை. ஆனால் தள்ளிப்போகிறது என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ரசீதும் "கன்ட்ரோல் வேலை" என்ற ஒற்றை வரியோடு வந்தது. உதிரி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி கேட்ட பிறகே தந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது கூலி நியாயமாகவே இருந்தது. மொத்தச் செலவு முதலில் வேறிடத்தில் சொல்லப்பட்ட தொகையில் பாதிக்கும் கீழே நின்றது. பெட்டியை மாற்றாமல் கேபிளோடு நிறுத்தியிருந்தால் இன்னும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

புதிய பெட்டியைப் பற்றி: கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால் மட்டுமே நியூட்ரலிலிருந்து நகரும் பூட்டு உறுதியாக இருக்கிறது. அதன் ஸ்பிரிங் சற்று வலுவானது; எங்கள் ஓட்டுநருக்குச் சிரமமில்லை, ஆனால் மாற்று ஓட்டுநராக வரும் அவருடைய தம்பிக்கு விரல் வலிக்கிறது என்கிறார். கியர் விழும் இடத்தில் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுவதால், பார்க்காமலே போட முடிகிறது. கியரைத் தொடாமல் எஞ்சினைச் சூடாக்குவதற்கான சிறு கைப்பிடி, குளிர்ந்த காலை வேளைகளில் மிகவும் உதவுகிறது. ஆனால் அதை இறக்கி வைக்க மறந்துவிட்டால் பெரிய கைப்பிடி நகராது, முதல் வாரத்தில் "மறுபடியும் கியர் இறுகிடுச்சு" என்று வந்த அழைப்புக்கு அதுவே காரணம். சாவித் துவாரம் பெட்டியின் முன்பக்கம் இருப்பதால் ஓட்டுநரின் முழங்கால் சாவியில் படுகிறது. உயரமானவர்கள் பெட்டியை இன்னும் சற்று மேலே பொருத்தச் சொல்லலாம். அணைப்புக் கயிற்றுச் சுவிட்ச் நன்றாக வேலை செய்கிறது. கயிற்றை ஓட்டுநர் இடுப்பில் மாட்டாமல் கைப்பிடியிலேயே சுற்றி வைத்தால் அது இருந்தும் பயனில்லை என்பதைப் பட்டறையில் கண்டிப்பாகவே சொல்லி அனுப்பினார்கள்.

கியர் மாற்றும் பழக்கத்தையும் மெக்கானிக் மாற்றச் சொன்னார். இறுகிய கேபிளோடு நெடுநாள் ஓட்டியதால் எங்கள் ஓட்டுநருக்குக் கைப்பிடியை மெல்ல மெல்லத் தள்ளும் பழக்கம் வந்திருந்தது. டாக் கிளட்ச்சுக்கு அது கெடுதல். மெதுவாக நெருங்கும் பற்கள் ஒன்றையொன்று உரசி, முனை மழுங்கி, பிறகு ஓட்டத்தில் கியர் தானாகத் தெறித்து வெளியேறும். வேகம் முழுவதும் இறங்கி ஐடிலுக்கு வந்த பிறகு, ஒரே வீச்சில், தயங்காமல் போட வேண்டும். "பயந்து பயந்து போட்டாத்தாங்க பல்லு போகும்" என்றார். முன்னோக்கியிலிருந்து நேராகப் பின்னோக்கிக்கு இழுக்காமல், நடுவே நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இந்தப் பட்டறைக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். படகை இழுவை வண்டியில் கொண்டுபோவதானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாலையோரத்தில் நிறுத்த இடம் குறைவு. எஞ்சின் கையேடு கையில் இருந்தால் கொண்டுபோங்கள், ஐடில் அளவுக்கும் எண்ணெய் வகைக்கும் அவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். வேலைக்கு முன் செலவைப் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உதிரிகளைக் கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள். கிழிந்த உறையோடு அந்தப் பழைய கேபிளை நான் வாங்கி வந்து, படித்துறையில் மற்றப் படகுக்காரர்களுக்கும் காட்டினேன். அவர்களில் இருவர் தங்கள் படகின் பின்சுவரில் இறுக்கிக் கட்டியிருந்த பட்டைகளை அன்றே வெட்டிவிட்டார்கள். ஒப்படைக்கும் நாளில், மெக்கானிக்கையும் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் ஒரு சுற்று வந்து, முழு வேகமும் ரிவர்ஸும் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள், கேட்டால் வருகிறார்.